வாய் படாத உறை

“பதினஞ்சு... பதினாறு...”

ஊசியை உருவிவிட்டு உறையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்திரியும் ஐந்து சொட்டு நீலச் சாயமும். இருபது எண்ணி முடிக்கும்வரை சாயம் ஓரத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது. காலையிலிருந்து நான் குத்தும் நாற்பத்தோராவது உறை இது.

“பதினேழு...”

வந்துவிட்டது. முதலில் ஒரு புள்ளி. அப்புறம் ஒரு கோடு. அப்புறம் அழுகிய ஈறிலிருந்து கசிவதுபோல மெதுவாக என் விரல்மேல் வழிந்தது.

“ஒன்பது லீக் மேடம்,” என்றார் நீலக்கை. “நாப்பத்தொண்ணுல ஒன்பது. எல்லாம் ஒரே இடம்.”

நீலக்கை எங்கள் தரப் பரிசோதகர். பதினான்கு வருடம் சாயத்தில் ஊறியதில் முழங்கைவரை நீலம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இன்று காலை அவரோடு சேர்ந்து ஊசி பிடித்ததில் என் பத்து விரல்களும் அதே நிறத்துக்கு வந்திருந்தன.

மணி பதினொன்று. மூன்று மணிக்குக் கொள்முதல் அம்மா வருகிறார். அறுபது ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்த்துச் சாமான் வாங்குகிறவர். நாம் நீட்டும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டும் ரகமில்லை. தட்டிலிருந்து தானே உறைகளைப் பொறுக்கி, தானே சாயம் ஏற்றி, தானே எண்ணுவார். ஒன்று ஒழுகினாலும் என் மூன்று வருட உழைப்பு குப்பைக் கூடைக்குப் போகும்.

அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் வாய்கள்.

விரலை வெட்டிக்கொண்டவனுக்கு வேலை செய்ய ஒரு கைதான் மிச்சம். ஒரு கையால் பிளாஸ்திரி உறையைப் பிரிக்க முடியாது. என்ன செய்வான்? வாய்க்குக் கொண்டுபோவான். இதை நிரூபிக்க அறுபது பேரை உட்காரவைத்து, ஒரு கையைக் கட்டிப்போட்டு, வீடியோ எடுத்தோம். அறுபது பேர், அறுபது வாய். சொத்தைப் பல், காரைப் பல், கட்டுப் பல். ஒருவர் கடித்து இழுத்த வேகத்தில் கட்டுப்பல் வரிசை கழன்று உறையோடு வெளியே வந்தது. அதைச் சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டிக்கொண்டு, “இன்னொரு தடவை பண்ணட்டுமா?” என்றார். கிருமி நீக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் அச்சடித்த உறை, எச்சில் நூல் ஊஞ்சலாட, ஒரு ஓரத்தில் தொங்கும். அந்த எச்சில் பட்ட பிளாஸ்திரி நேராகத் திறந்த காயத்தின்மேல் போய் உட்காரும்.

அந்த வீடியோக்களை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ. அதற்குப் பிறகு எந்த மனிதன் மெல்லுவதையும் என்னால் பார்க்க முடியவில்லை. கேன்டீன் பக்கம் போவதை நிறுத்தினேன். பகலில் பட்டினிதான்.

ஆனால் உறை பிறந்தது. மேலே முயலுக்கு இருப்பதுபோல இரண்டு காதுகள். ஒரு காதை விரல்களால் உள்ளங்கையோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு காதைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். ஒரே கையில், இரண்டு நொடியில் உறை திறந்து பிளாஸ்திரி எட்டிப் பார்க்கும். ‘வாய் படாத உறை’ என்று பெட்டிமேல் அச்சடிக்கப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

அந்த உறைதான் இப்போது காதடியில் ஒழுகுகிறது.

“சூடு சரியா இருக்கு. அழுத்தம் சரியா இருக்கு,” என்றார் நீலக்கை, லென்ஸை என் பக்கம் தள்ளியபடி. “நீங்களே பாருங்க.”

பார்த்தேன். மேல்தாளின் உட்புறம் மெல்லிய பசைப் பூச்சு இருக்கும். சூட்டுத் தகடு அழுத்தும்போது அது உருகி அடித்தாளைப் பிடித்துக்கொள்ளும். காதடியில் மட்டும் அந்தப் பூச்சில் ஒரு சின்ன வழுக்கை. நீள்வட்டமாக, ஒரு பக்கம் வழித்துவிட்டதுபோல.

“தண்ணி பட்டிருக்கா?”

“தண்ணின்னா பரவும் மேடம். இது பரவல. கொழகொழன்னு ஒரே இடத்துல உக்காந்து பசையைத் தின்னிருக்கு. அளவைப் பாருங்க. கட்டைவிரல்.” கொஞ்சம் தயங்கினார். “எச்சில்.”

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அடைபட்ட கிருமிகளைப் பிறகு கதிர்வீச்சு கொன்றுவிடும், அது பிரச்சினையில்லை. ஓட்டையை எந்தக் கதிரும் அடைக்காது. மறுநாளே புதுக் கிருமிகள் குடிவந்துவிடும். எவனோ ஒருவன் நாக்கில் கட்டைவிரலைத் தடவி, அந்த விரலால் என் உறையைத் தொட்டிருக்கிறான்.

எவனோ என்ன எவனோ. எனக்குத் தெரியும், யாரென்று.

சித்தப்பா.

என் அப்பாவுடன் பிறந்த தம்பி. அப்பா வேலை வேலை என்று ஊர் ஊராக அலைந்ததில் நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். அப்போது அவர் ஒரு அச்சகத்தில் பில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார். நாக்கில் ஒரு தொடல், தாளில் ஒரு தொடல். நாக்கு, தாள், நாக்கு, தாள். நிமிடத்துக்கு இருநூறு தாள் எண்ணுவார். வேறு விளையாட்டு இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அவர் டீயை வாயில் வைத்துக் கொப்புளித்து விழுங்குவார். கூடத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். நகம் பறந்து யார் தட்டில் விழும் என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் ஒரு சீப்பும் கைக்கண்ணாடியும் எப்போதும் இருக்கும். இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பதினோரு வருடம் முன்னால் அச்சகம் மூடியதும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தார். ஆறு வருடம் கழித்து நான் டிசைனராக வந்தேன். முதல் நாளே லைன் முழுக்கக் கேட்கும்படி, “எங்க வீட்டுப் பாப்பா!” என்று கத்தினார். கத்தியதில் தெறித்த எச்சில் என் கன்னத்தில் பட்டது. அந்த இடத்தை இன்றைக்கும் என்னால் தொட்டுக் காட்ட முடியும்.

புது உறைக்கு மேல்தாள் இன்னும் சுருளாக வரவில்லை. காது வெட்டிய தனித்தனித் தாள்கள்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சூட்டுத் தகட்டின் கீழ் வைப்பவர் யார்? சித்தப்பா.

வேறு யார் என்று கேட்கிறேன்.

மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது அவர் நான் கொடுத்திருந்த மாதிரி உறையின் காதை மடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“இதுக்கும் நல்லா உதவுதும்மா,” என்று நுனியில் வந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

நான் மேஜைக் காலைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன்.

“எச்சிலா!” அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், உறையைக் கீழே வைத்தார். “சுத்த அறையில எச்சிலா? யாரு?”

“சந்தேகம் இருக்கு சார். ஆனா கையும் களவுமா பிடிக்கணும்.”

“பிடி. மூணு மணிக்குள்ள பிடி. பிடிச்ச நிமிஷம் அந்த ஆளு கேட்டுக்கு வெளிய. இன்னைக்கே. பத்து வருஷம் இருந்தவன், இருபது வருஷம் இருந்தவன்னு எல்லாம் பார்க்க மாட்டேன். அந்தம்மா வரும்போது, ‘ஆளைத் தூக்கிட்டோம், லைன் சுத்தம்’னு நான் சொல்லியாகணும்.”

சித்தப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. சித்தி முட்டி தேய்ந்து வீட்டோடு கிடக்கிறார். இந்த வேலை போனால் இன்னொருவர் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் எனக்கு வந்தது பரிதாபமில்லை. லென்ஸில் பார்த்த அந்த வழுக்கைதான் கண்ணுக்குள் நின்றது.

பொறி என்னுடைய யோசனை.

“கேக்குல போடற சாயப்பொடி இருக்குல்ல,” என்றேன் நீலக்கையிடம். “காய்ஞ்சிருந்தா சாம்பல் மாதிரி, கண்ணுக்கே தெரியாது. ஈரம் பட்டா நீலம். வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது. தாள் ஓரத்துல லேசா தூவுங்க. எவன் நாக்கைத் தொட்டுத் தாளைத் தொடறானோ, அவன் நாக்கு காட்டிக் கொடுக்கும்.”

“எப்ப தூவட்டும் மேடம்?”

“உங்க இஷ்டம். எப்போ, எங்க தூவினீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க. என் சித்தப்பாவும் லைன்ல இருக்கார். நாளைக்கு நான் அவருக்குச் சாதகமா நடந்துக்கிட்டேன்னோ, பாதகமா நடந்துக்கிட்டேன்னோ யாரும் பேசக் கூடாது.”

நீலக்கை என்னை மரியாதையோடு பார்த்தார். நேர்மையான பெண் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டோரிலிருந்து புதுத் தாள்கள் என் அறைக்கு வந்தன. வழக்கம்போல மேஜையில் பரப்பி, பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, தட்டில் அடுக்கினேன். வெட்டிய தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கை அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. மனசு மூன்று மணியில் இருந்தது. கொள்முதல் அம்மாவிடம் முதல் வாக்கியம் என்ன பேசுவது? அறுபது வாய்களில் எந்த வாயை வீடியோவில் முதலில் காட்டுவது? கட்டுப்பல்காரரா, உறையைக் கடித்துத் துப்பிய பெண்ணா?

எண்ணி முடித்தபோது வாய் லேசாகக் கசந்தது. வெறும் வயிற்றில் குடித்த காப்பி. முகமூடியை மாட்டிக்கொண்டு சுத்த அறைக்குத் தட்டோடு போனேன்.

சுத்த அறை என்பது பெயருக்குத்தான். ஆறு பேர் தலைத்தொப்பி, முகமூடி, கையுறை, நீள அங்கி என்று வெள்ளைப் பூதங்கள்போல நிற்பார்கள். ஆனால் எனக்கு அந்தத் துணிகளுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். வேர்வை. செருமல். முகமூடிக்குள் சுற்றிச் சுற்றி வரும் அவரவர் மூச்சு.

“வாங்க மேடம்,” என்றாள் வாயாடி. பிளாஸ்திரி அடுக்குகிறவள், முகமூடி போட்டும் வாய் ஓயாதவள். “இன்னைக்கு என்ன, எங்களுக்கும் ஊசி போடப் போறீங்களா? கை எல்லாம் நீலமா இருக்கே!”

“வேலையைப் பாரு.”

சித்தப்பா தன் இடத்தில் நின்றிருந்தார். முகமூடி தாடைக்குக் கீழே. எப்போதும் போல. வலது கட்டைவிரலில், கையுறைக்கு மேலே, பழுப்பாக எதையோ மாட்டியிருந்தார். என்ன என்று கேட்க எனக்கு மனமில்லை. அவர் உடம்போடு ஒட்டியிருக்கும் எதைப் பற்றியும் நான் கேட்பதில்லை.

“பாப்பா, சாப்டியா?”

“முதல்ல முகமூடியை ஏத்துங்க.”

“மூச்சு முட்டுதும்மா.” ஏற்றிக்கொண்டார். நான் வைத்த தட்டிலிருந்து முதல் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். தாளைப் பிரித்தார். நிறுத்தினார். குனிந்து பார்த்தார். இன்னொரு கட்டை எடுத்துப் பார்த்தார்.

“பாப்பா, ஒரு நிமிஷம் இங்க வாயேன். இந்தத் தாள்ல...”

முகமூடி மறுபடி தாடைக்கு இறங்கிவிட்டது. உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. அவர் என் பக்கம் நகர, நான் பின்னால் நகர்ந்தேன்.

“தள்ளி நின்னு பேசுங்க! எத்தனை தடவை சொல்றது? பேசாம வேலையைப் பாருங்க சித்தப்பா. மெஷின் காத்துட்டிருக்கு.”

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு வேலையில் இறங்கினார்.

நூறு உறைகள். பன்னிரண்டே முக்காலுக்கு நீலக்கை எல்லாவற்றையும் பிரித்து மேஜையில் பரப்பினார். முப்பத்தொரு தாளில், காதடியில், நீள்வட்டமாக நீலக் கறை.

மாட்டிக்கொண்டார் சித்தப்பா. டார்ச்சை எடுத்தேன்.

“எல்லாரும் வரிசையா நில்லுங்க,” என்றேன். மேலாளரும் வந்து கதவருகே நின்றுகொண்டார். “முகமூடியைக் கழட்டுங்க. நாக்கை நீட்டுங்க.”

“என்னது?” என்றாள் வாயாடி.

“நாக்கு. வெளிய.”

நீலக்கை என் காதருகே வந்தார். “மேடம், எல்லாரும்னா... எல்லாருமா?”

“இந்த ரூம்ல முகமூடியைக் கழட்டுற எல்லாரும். நான் இங்க கழட்டினதே இல்ல, உங்களுக்கே தெரியும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நாக்குகள். பதினைந்து நிமிடம். முதல் நாக்கு வெள்ளையாகப் பூத்து, நடுவில் ஆழமான பள்ளத்தோடு, வெடித்த களிமண் தரைபோல இருந்தது. நீலமில்லை. இரண்டாவது நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த தழும்பு; நுனியில் காலையில் தின்ற ஏதோ ஒன்று இன்னும் விடைபெறாமல் இருந்தது. நீலமில்லை. மூன்றாவது ஆள் நீட்டியதுமே வாடை என் முகமூடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. நான் டார்ச்சை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்து “இல்லை” என்று சொன்னது நீலக்கைதான். நான்காவது நாக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது, தனக்கென்று ஓர் உயிர் உள்ள பிராணிபோல.

வாயாடி முழ நீளத்துக்கு நீட்டிக் காட்டினாள். “நல்லா பாருங்க மேடம். என் மாமியார் இதை வெட்டணும்னு எட்டு வருஷமா அலையறாங்க. நீங்க அளவெடுத்துட்டுப் போனா அவங்களுக்கு உதவியா இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். வாயாடியின் நாக்கிலும் நீலமில்லை.

கடைசி ஆள் சித்தப்பா.

“நீட்டுங்க.”

அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

“சித்தப்பா, நாக்கை நீட்டுங்க.”

தலையை ஆட்டினார். மாட்டேன் என்று. ஐம்பத்தாறு வயது மனிதர், மருந்து குடிக்க மறுக்கும் குழந்தைபோல வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். தாடை நரம்பு புடைத்தது. அறையில் சிரிப்பு நின்றுபோனது.

“யோவ், வாயைத் திறய்யா!” என்றார் மேலாளர்.

சித்தப்பா மேலாளரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல்லைக் கடித்தபடி, நாக்கு வெளியே தெரியாமல் சொன்னார்.

“நான்தான் சார். பழைய பழக்கம். எச்சில் தொட்டது நான்தான்.”

“பதினோரு வருஷமாவா!” என்று கத்தினார் மேலாளர். “பதினோரு வருஷமா இந்தக் கண்றாவியைத்தான் ஜனங்க புண்ணுல ஒட்டிட்டிருக்கோமா?”

சித்தப்பா கட்டைவிரலில் இருந்த பழுப்புச் சாமானைக் கழற்றி அங்கிக்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வியர்வையில் பிசுபிசுத்த அந்தக் கயிற்றை யாரும் தொடவில்லை.

“உங்களால குடும்பத்துக்கே அசிங்கம்,” என்றேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். “சின்ன வயசுலேர்ந்து உங்களைப் பார்த்து வாந்தி வரும் எனக்கு. இன்னைக்கு என் உறையையும் நாசமாக்கிட்டீங்க.”

அவர் “சரி பாப்பா” என்றார். அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு போனார்.

வாயாடி மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பில்லை.

ஒன்றரை மணிக்கு நான் மறுபடி என் அறையில் இருந்தேன். பொடி தூவாத சுத்தமான தாள்கள் வேறு கிடங்கிலிருந்து வந்தன. இருநூறு. கொள்முதல் அம்மாவுக்கான உறைகள் இவைதான். முகமூடியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பத்துப் பத்தாக எண்ணிக் கட்டினேன். இருபது கட்டு. மனசு லேசாக இருந்தது. சித்தப்பா இடத்தில் வாயாடி நின்று தாள் வைத்தாள். ஒரு தடவைகூட அவள் கை முகத்துக்குப் போகவில்லை. நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கடைசித் தாள்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு மூணு சாம்பிள் குத்திப் பார்க்கட்டுமா மேடம்?” என்றார் நீலக்கை. அவர் குரலில் ஏதோ இழுபறி இருந்தது.

“எதுக்கு? எச்சில்தான் வீட்டுக்குப் போயாச்சே.”

இரண்டு நாற்பத்தைந்துக்கு இருநூறு உறைகளும் வெள்ளைத் தட்டில் அடுக்கிக் கூட்ட அறைக்குப் போயின. வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மேலாளர் குரல் தேனாக ஒழுகியது: “வாங்கம்மா, வாங்க, வாங்க!”

நான் முகமூடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் வேகமாக நடந்தேன். கூட்ட அறைக்கு இருபது அடி இருக்கும்போது சுவரோரத்து பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

சித்தப்பா. இன்னும் போகவில்லை.

“உங்க கணக்கு முடியலையா?”

“அதெல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. உனக்காகத்தான் உக்காந்திருந்தேன்.” என் பக்கம் இரண்டு அடி வைத்தார். நான் பின்வாங்கினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். “உள்ள போகாத பாப்பா. முதல்ல போய் வாயைக் கொப்புளி. நல்லா தேய்ச்சுக் கொப்புளி. அப்புறம் போ.”

“என் வாயையா?” எனக்குச் சுரீரென்றது. “வாயைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா? இவ்வளவு ஆனதுக்கு அப்புறமும் வெட்கமே இல்லையா?”

“சத்தம் போடாத. அவங்க காதுல விழும்.”

“விழட்டும்! நாக்கை நீட்டத் துப்பில்லாத மனுஷன்...”

அவர் பெருமூச்சு விட்டார். நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தேன். டீக்கறை படிந்த பற்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு சாதாரண, வயதான, சிவந்த நாக்கு. நீலம் இல்லை. ஓரத்தில்கூட இல்லை. அடியில்கூட இல்லை, தூக்கிக் காட்டினார்.

“கழுவிட்டீங்க,” என்றேன். என் குரல் எனக்கே ஒல்லியாகக் கேட்டது.

“அந்தச் சாயமா? ஒரு நாள் பூரா தேய்ச்சாலும் முழுசா போகாதுன்னு நீலக்கை சொன்னான்.” சட்டைப் பையில் கையை விட்டு அந்தப் பழுப்புச் சாமானை எடுத்து நீட்டினார். ரப்பர் தொப்பி. விரல் நுனிக்கு மாட்டுவது; மேலே சின்னச் சின்னப் புள்ளிகள். தேய்ந்து, நிறம் மங்கியிருந்தது. “இங்க வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னாங்க, எச்சில் தொடக் கூடாதுன்னு. அன்னைக்கு வாங்கினது. பதினோரு வருஷமாச்சு, நான் நாக்குல விரலை வெச்சு.”

“அப்போ ஏன்... ஏன் வாயைத் திறக்கல? ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“நான் திறந்து காட்டியிருந்தா, ஆறு நாக்கும் சுத்தம்னு ஆயிருக்கும். அப்புறம் அந்த மேலாளர் சும்மா விடுவாரா? ஏழாவது நாக்கு யாருதுன்னு தேடியிருப்பார்.”

உள்ளே மேலாளர் சிரித்தார். ஒரு பெண் குரல், “ஊசியும் சாயமும் நானே கொண்டுவந்திருக்கேன்,” என்றது.

“ரப்பர் பேண்டைக் கழட்டினப்பவே பார்த்தேன்,” என்றார் சித்தப்பா மெதுவாக. “நான் இன்னும் தாளைத் தொடவே இல்ல. நீலம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நீலக்கையைத் தனியா பிடிச்சுக் கேட்டேன். அவன் லைன்ல தூவலையாம். ஸ்டோர்லயே தூவிட்டானாம்.”

வாய் கசந்தது. இன்னும் கசந்துகொண்டேதான் இருந்தது, பன்னிரண்டு மணியிலிருந்து.

“இப்ப தட்டுல போச்சே இருநூறு,” என்றார். “அந்தக் கட்டெல்லாம் யார் எண்ணினது பாப்பா?”

என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கைக்கண்ணாடியை எடுத்தார். சீப்போடு ஒட்டியிருந்ததை நகத்தால் பெயர்த்தார். சட்டை நுனியில் துடைத்தார். பிசுக்கு இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை. நீட்டினார். இருபது வருடமாக நான் தொடாமல் தப்பித்துவந்த பொருள். வாங்கிக்கொண்டேன். விரல்களில் எண்ணெய் ஒட்டியது. முகத்துக்கு நேராகப் பிடித்து, வாயைத் திறந்தேன்.

நுனியிலிருந்து நடுவரை, கட்டைவிரல் அகலத்துக்கு, பளீரென்று நீலம்.